ரைபோசோமில் குறை, ரத்தத்தில் மட்டும் சோகை ஏன்?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் மகளுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆகின்றன. மூன்றாம் மாதம் தடுப்பூசி போடச் சென்றபோது, குழந்தை மிகவும் வெளுத்திருக்கிறாள் என்று ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஹீமோகுளோபின் 3.8 இருந்தது. அன்றிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றி வருகிறோம். எலும்பு மஜ்ஜையையும் மரபணுவையும் பரிசோதித்து, ‘டயமண்ட்–பிளாக்ஃபேன் ரத்தசோகை, ஆர்.பி.எஸ்.19 மரபணுவில் மாற்றம்’ என்று அறிக்கை தந்திருக்கிறார்கள். உடலில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் குறை என்று மருத்துவர் சொன்னார். புரதம் எல்லா உறுப்புக்கும்தானே வேண்டும், ரத்தம் மட்டும் ஏன் குறைகிறது? கர்ப்பமாக இருந்தபோது வாந்தி அதிகம் என்பதால் இரும்புச்சத்து மாத்திரைகளை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அதுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார். நானும் என் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். அதனால் வந்தது என்கிறார்கள் வேறு சிலர். முருங்கைக்கீரை, இரும்பு டானிக், புரதப் பவுடர் கொடுத்தால் சரியாகுமா? இப்போது ஸ்டீராய்டு தொடங்கலாம் என்கிறார்கள், பயமாக இருக்கிறது. அடுத்த குழந்தைக்கும் இது வருமா?

— ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சாப்பிடாமல் விட்ட மாத்திரைகளுக்கும் உங்கள் மகளின் நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மற்றக் கேள்விகளுக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மாதந்தோறும் ரத்தம் ஏற்றக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைவதே பெரிய பாரம். அதற்கு மேல் இந்தப் பழியையும் ஒரு தாய் சுமக்கக் கூடாது.

வீட்டில் காட்டுவதற்கு உங்கள் கையிலேயே சான்று இருக்கிறது. முதல் முறை ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த ரத்த அணுப் பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுங்கள். அதில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எண் அது. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துவிடும், எண் இறங்கும். டயமண்ட்–பிளாக்ஃபேன் நோயில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: வயதுக்கு உரிய அளவைவிட அணுக்கள் பெரிதாக இருக்கும், எண் ஏறும். அதே தாளில் ரெட்டிகுலோசைட் என்ற வரியையும் பாருங்கள். மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளம் சிவப்பணுக்கள் அவை. இந்த நோயில் அவை மிகவும் குறைந்திருக்கும், ஆனால் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் ஏறத்தாழ இயல்பாகவே இருக்கும். மஜ்ஜையை ஊசியால் எடுத்துப் பார்த்தால் மற்ற அணுக்களின் தலைமுறைகள் வரிசையாக இருக்க, சிவப்பணுவாக வேண்டிய இளம் அணுக்கள் மட்டும் காணாமல் போயிருக்கும். இரும்பு கிடைக்காத குழந்தையின் மஜ்ஜை இப்படி இருக்காது. கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரை சாப்பிட வேண்டியது அவசியம்தான். அது வேறு காரணத்துக்காக.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பல பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி அது, மருத்துவ ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் தங்களையே கேட்டுக்கொண்ட கேள்வி. பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவர்களான லூயிஸ் டயமண்டும் கென்னத் பிளாக்ஃபேனும் 1938-இல் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார்கள். முதல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1999-இல்தான். உங்கள் மகளின் அறிக்கையில் இருக்கும் அதே ஆர்.பி.எஸ்.19 அது. நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதில்தான் மாற்றம் இருக்கிறது. இது ரைபோசோமின் உறுப்பான ஒரு புரதத்துக்குரிய மரபணு என்று தெரிந்தபோது எல்லோருக்கும் வியப்பு. ரைபோசோம் இல்லாமல் உருவாகும் அணு எங்கே இருக்கிறது? மூளை, கல்லீரல், தோல் எதுவானாலும் புரதம் கட்டுவது ரைபோசோம்தான். பிறகு ஏன் சிவப்பணு மட்டும்?

விடை சிவப்பணு உருவாகும் விதத்தில் இருக்கிறது. வளர்ந்த மனிதரின் மஜ்ஜை ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை வெளியே அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். முதிர்ந்த சிவப்பணுவில் உள்ள புரதத்தில் மிகப் பெரும்பகுதி இந்த ஒன்றேதான். உடலில் வேறு எந்த அணுவும் இப்படி ஒரே புரதத்தால் தன்னை நிரப்பிக்கொள்வதில்லை. அதற்குக் கிடைக்கும் அவகாசமோ சில நாட்கள். அந்த நாட்களுக்குள் அணு பலமுறை இரண்டாகப் பிரிய வேண்டும், ஹீமோகுளோபினைக் கட்ட வேண்டும், தன் உட்கருவை வெளியே தள்ள வேண்டும். உட்கரு போன பிறகு மரபணுவிலிருந்து புதிய செய்தி எதுவும் வராது. ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும் ஆர்.என்.ஏ. செய்திகளையும் மீதமிருக்கும் ரைபோசோம்களையும் வைத்தே வேலையை முடிக்க வேண்டும். ஓரிரு நாட்களில் ரைபோசோம்களும் அழிந்துவிடும். அதன் பிறகு 120 நாட்கள், ஒரு புதிய புரதம்கூடக் கட்ட முடியாமல் அந்த அணு உடலெங்கும் சுற்றுகிறது. அதனால்தான் சிவப்பணுவின் பிறப்பில், எந்த மரபணு இயங்குகிறது என்பதைப் போலவே, வந்த செய்தியை எப்போது, எவ்வளவு வேகத்தில் புரதமாக்குகிறோம் என்பதும் உயிர்நாடியாகிவிடுகிறது.

ஹீமோகுளோபினுக்கு இரண்டு பாகங்கள். குளோபின் என்பது புரதம், அதை ரைபோசோம்கள் கட்டுகின்றன. ஹீம் என்பது இரும்பைத் தாங்கிய சிறிய மூலக்கூறு, அதை நொதிகள் தனியே தயாரிக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக, ஒரே காலத்தில் வந்து சேர வேண்டும். தனித்து நிற்கும் ஹீம் நஞ்சு. அணுவின் சவ்வையும் புரதங்களையும் அது கெடுக்கும். தனித்து நிற்கும் குளோபினும் ஆபத்துதான், திரண்டு கட்டியாகிவிடும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயில் நடப்பது ஏறத்தாழ இதுவே: ஒரு வகைக் குளோபின் சங்கிலி குறையும்போது, துணையில்லாத மற்றச் சங்கிலி திரண்டு அணுவைக் கொல்கிறது.

இயற்கை இந்த ஈடு கெடாமல் காக்க ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. இளம் சிவப்பணுக்களில் எச்.ஆர்.ஐ. என்று ஒரு புரதம் உண்டு. ஹீம் போதுமான அளவு இருக்கும்வரை அது சும்மா இருக்கும். இரும்பு குறைந்து ஹீமும் குறைந்தால் விழித்துக்கொண்டு, ரைபோசோம்கள் புதிய புரதம் கட்டத் தொடங்குவதற்கான முதல் படியை மந்தமாக்கிவிடும். குளோபின் குறையும், அணு சிறுக்கும், ஆனால் பிழைக்கும். இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் சிறுப்பது வெறும் சேதம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். 2001-இல் ஜேன்-ஜேன் சென் குழுவினர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு இரும்பில்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். அணுக்கள் சிறுக்கவில்லை. ஹீம் கிடைக்காத குளோபின் அணுக்களுக்குள்ளேயே திரண்டது, அணுக்கள் மடிந்தன, சோகை இன்னும் மோசமானது. அணு சிறுப்பதே ஒரு தற்காப்பு என்று அப்போது புரிந்தது. புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது சிவப்பணுவைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

உங்கள் மகளின் மஜ்ஜையில் இதே தராசு மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. ரைபோசோமில் ஏறத்தாழ 80 புரதங்கள் உண்டு. ஆர்.பி.எஸ்.19 அவற்றில் ஒன்று. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக இதற்கு இரண்டு மரபணுப் பிரதிகள் உள்ளன. அவளுக்கு அவற்றில் ஒன்றுதான் வேலை செய்கிறது. அதனால் அந்தப் புரதம் பாதியளவே வருகிறது, முழுமையாகக் கட்டப்படும் ரைபோசோம்களின் எண்ணிக்கை குறைகிறது. பழுதான ரைபோசோம்கள் தவறான புரதங்களைக் கட்டுகின்றன என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கும் ரைபோசோம்கள் நல்லவைதான், போதவில்லை என்பதே சிக்கல். ஒரு நெசவுக்கூடத்தில் பாதித் தறிகள் நின்றால் தினசரி வேட்டியும் துண்டும் எப்படியோ நெய்யப்பட்டுவிடும். முகூர்த்தத்துக்குள் தர வேண்டிய பட்டுப்புடவைதான் தவறிப்போகும். ஈரல் அணுவும் தோல் அணுவும் சற்றுத் தாமதமானாலும் தம் வேலையை முடித்துக்கொள்ளும். சிவப்பணுவுக்கு அந்த அவகாசம் இல்லை.

தாமதத்தின் விளைவை 2016-இல் சியாட்டிலில் ஜானிஸ் ஆப்கோவிட்ஸ் குழுவினர் நோயாளிகளின் மஜ்ஜை அணுக்களை வளர்த்துக் காட்டினார்கள். இந்த அணுக்களில் ஹீம் தயாரிப்பு வழக்கமான நேரத்தில் தொடங்குகிறது. குளோபின் தயாரிப்புதான் மெதுவாகத் தொடங்குகிறது. இடைப்பட்ட நேரத்தில் துணையில்லாத ஹீம் சேர்ந்து, சிவப்பணுவாகும் பாதையில் தொடக்க நிலையிலேயே அணுக்கள் மடிகின்றன. ஹீமை வேகமாக வெளியேற்றக்கூடிய அல்லது மெதுவாகத் தயாரிக்கக்கூடிய ஒரு சில அணுக்கள் மட்டும் தப்பித்து முதிர்கின்றன. ஹீம் தயாரிப்பைச் சற்றுத் தடுக்கும் ஒரு வேதிப்பொருளை வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தபோது, அந்த நோயாளிகளின் அணுக்களிலிருந்து கூடுதல் சிவப்பணுக்கள் கிடைத்தன. சோகை வந்தவருக்கு ஹீமைக் குறைத்தால் ரத்தம் கூடுகிறது என்பது முதலில் கேட்க விந்தையாக இருக்கும். ஆனால் அடிப்படைச் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை இது துல்லியமாகச் சொல்கிறது: உங்கள் மகளுக்கு இரும்பும் ஹீமும் குறைவாக இல்லை, குளோபின்தான் காலத்தில் வந்து சேரவில்லை.

இது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கேட்டா-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. மஜ்ஜையின் தாய் அணுக்களைச் சிவப்பணுப் பாதையில் திருப்பி, குளோபின் மரபணுக்களை இயக்குவது அதுதான். பாஸ்டனில் விஜய் சங்கரன் குழுவினர் 2012-இல், ரைபோசோம் மரபணுக்களில் குறையே இல்லாமல் இதே நோய் வந்த சிறுவர்களிடம் கேட்டா-1 மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். வெவ்வேறு மரபணுக்கள், ஆனால் ஒரே நோய். அப்படியென்றால் இரண்டும் எங்கோ சந்திக்க வேண்டும். 2014-இல் அதே குழுவினர் சந்திக்கும் இடத்தைக் காட்டினார்கள்: ரைபோசோம் புரதம் குறைந்த அணுக்களில் கேட்டா-1 செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் இருந்தாலும் அது புரதமாக மாறுவது குறைகிறது. ரைபோசோம்கள் தாராளமாக இருக்கும்போது எல்லாச் செய்திகளுக்கும் இடம் கிடைக்கும். குறையும்போது சில செய்திகள் மற்றவற்றைவிட அதிகம் பின்தங்கிவிடும். சிவப்பணுவுக்கு இன்றியமையாத செய்தியே அப்படிப் பின்தங்குவதில் ஒன்றாக அமைந்துவிட்டது. மூன்றாவதாக, கட்டி முடிக்கப்படாத ரைபோசோம் துண்டுகள் பி53 என்ற புரதத்தைத் தூண்டி, அணு பிரிவதை நிறுத்துகின்றன, சில வேளை அணுவையே மடியச் செய்கின்றன. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பது குழந்தைக்குக் குழந்தை மாறக்கூடும்.

‘ரத்தம் மட்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு சிறு திருத்தம் தேவை. இந்த நோயுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வேறு உறுப்புகளிலும் பிறவிக் குறை இருக்கக்கூடும்: கட்டைவிரல், மேலண்ணம், இதயம், சிறுநீரகம். உயரமும் குறையலாம். உங்கள் மகளுக்கு இதயத்துக்கு எக்கோவும் வயிற்றுக்கு அல்ட்ராசவுண்டும் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் ஒரு முறை எடுத்துவிடுவது நல்லது. கண்டுபிடிக்கப்படாத சிறுநீரகக் குறை, பின்னால் மருந்துகளைத் தேர்ந்தெடுக்கும்போது தொல்லை தரும்.

இப்போது உணவு. புரதம் தயாரிப்பதில் குறை என்று கேட்டதும் புரதப் பவுடர் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் சாப்பாட்டில் வரும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துதான் உடலில் சேருகிறது. அவளுக்கு அந்தக் கச்சாப்பொருள் குறையவில்லை, அதைக் கோத்துப் புரதமாக்கும் ரைபோசோம்கள்தான் குறைவு. பவுடரை எவ்வளவு கரைத்துக் கொடுத்தாலும் ரைபோசோம் கூடாது. ஒன்றே கால் வயதுக் குழந்தைக்கு அது சிறுநீரகத்துக்கு வீண் சுமை. லூசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றி நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். அது அணுவுக்குள் புரத உற்பத்தியை முடுக்கும் ஒரு சமிக்ஞையைத் தூண்டுவது உண்மை. செக் நாட்டில் ஒரு நோயாளி அதைச் சாப்பிட்டு ரத்தம் ஏற்றும் தேவையிலிருந்து விடுபட்டதாக 2007-இல் வெளிவந்த செய்தியால் பெரும் நம்பிக்கை எழுந்தது. பிறகு முறையாகச் சோதித்தபோது சிறுபான்மையினருக்கே பலன் கிடைத்தது. உங்கள் ரத்தநோய் மருத்துவர் ஆலோசித்துக் கொடுத்தால் அது வேறு. உடற்பயிற்சிக் கூடங்களுக்காக விற்கும் டப்பாக்களை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இரும்பு டானிக்கை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஒரு முழு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உங்கள் மகளுக்கு அதில் ஒரு பகுதியை மாதந்தோறும் ஏற்றுகிறார்கள். சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளில் உறிஞ்சுவதோ ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். அதிகப்படியான இரும்பை வெளியேற்ற மனித உடலில் வழியே இல்லை. அதிலும் இந்த நோயில் மஜ்ஜை சிவப்பணு தயாரிக்காததால் வந்த இரும்பைப் பயன்படுத்தவும் ஆளில்லை. அது ஈரலிலும் இதயத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் போய்ப் படிகிறது. முருங்கைக்கீரையை மற்றவர்களைப் போல வீட்டுச் சாப்பாடாக அவள் சாப்பிடலாம், மருந்தாக நினைத்துத் தினமும் ஊட்ட வேண்டாம். பத்து இருபது முறை ரத்தம் ஏற்றிய பிறகு, உடலில் சேர்ந்த இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவை ரத்தத்தில் பார்த்து இரும்பை வெளியேற்றும் மருந்து தொடங்குவது வழக்கம். அவள் அந்தக் கட்டத்தை நெருங்கிவிட்டாள். டெஃபராசிராக்ஸ் என்ற வாய்வழி மருந்து இரண்டு வயதிலிருந்து கொடுக்கப்படுகிறது. டெஃபரிப்ரோன் என்ற இன்னொரு மருந்து வெள்ளணுக்களைத் திடீரென்று குறைத்துவிடக் கூடும் என்பதால், இந்த நோயில் அதை மிகுந்த கவனத்தோடுதான் தருவார்கள். குழந்தை வளர்ந்த பிறகு ஈரல், இதயம் இரண்டிலும் படிந்த இரும்பை எம்.ஆர்.ஐ. மூலம் அளக்கலாம். ஃபெரிட்டினை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

ரத்தம் ஏற்றுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து ஹீமோகுளோபின் 6, 7 வரை இறங்கட்டும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருப்பாள், பார்க்க நலமாகத் தெரிவாள். உள்ளே வளர்ச்சி தடைப்படும். 9 முதல் 10-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இப்போதைய நிபுணர் கருத்து. இன்னொன்று, அப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் பாசத்தோடு ரத்தம் கொடுக்க முன்வருவார்கள். அவர்கள் ரத்த வங்கிக்குத் தாராளமாகக் கொடுக்கட்டும். உங்கள் மகளுக்கு நேரடியாக ஏற்ற வேண்டாம். பின்னால் குடும்பத்தில் ஒருவரிடமிருந்து மஜ்ஜை மாற்று செய்ய நேர்ந்தால், உறவினர் ரத்தத்துக்கு எதிராக அவள் உடலில் முன்பே உருவான எதிர்ப்பு இடையூறாக வரும். வெள்ளணு நீக்கிய ரத்தமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டீராய்டைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதே சமயம், உங்கள் மருத்துவர் சொல்லும் நேரமும் சரியானது. முதல் ஆண்டில் கொடுத்தால் வளர்ச்சி பாதிக்கப்படும், தடுப்பூசிகளும் தடைப்படும் என்பதால்தான் ஒரு வயது தாண்டும்வரை ரத்தம் ஏற்றியே காத்திருந்தார். தட்டம்மை–ரூபெல்லா போன்ற உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளில் போட வேண்டியவற்றை, மருந்து தொடங்குவதற்கு முன் போட்டுக்கொள்ள முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். இந்த நோய்க்கு ஸ்டீராய்டு பலன் தருவது 1951-இலேயே தெரிந்துவிட்டது. எப்படி என்பது இன்னும் முழுமையாகத் தெளிவாகவில்லை. சிவப்பணுப் பாதையின் ஆரம்பத்தில் இருக்கும் அணுக்கள் அவசரப்பட்டு முதிராமல், மேலும் சில முறை தம்மைப் பெருக்கிக்கொள்ள அது உதவுகிறது. ஒவ்வோர் அணுவிலும் ரைபோசோம் குறைவாகவே இருந்தாலும், பாதையில் நுழையும் அணுக்கள் அதிகமானால் கடைசியில் தப்பிவருபவையும் அதிகமாகும்.

வழக்கமாக, எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற அளவில் தினமும் காலையில் தொடங்குவார்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களில் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். ஏறத்தாழ 80 சதவீதக் குழந்தைகளுக்கு முதலில் பலன் கிடைக்கிறது. நான்கு வாரத்தில் அசைவே இல்லையென்றால் மருத்துவர் சொல்லும் முறைப்படி நிறுத்திவிட வேண்டும், ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று மாதக்கணக்கில் இழுக்கக் கூடாது. பலன் தெரிந்தால் அளவை மெல்ல மெல்லக் குறைத்து, ஹீமோகுளோபினைத் தாங்கிநிற்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிப்பார்கள். நீண்டகாலத்துக்கு கிலோவுக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருப்பதே இப்போது பரிந்துரைக்கப்படுகிறது. அந்த அளவில் தாங்கவில்லை என்றால் ரத்தம் ஏற்றுவதற்குத் திரும்புவதே மேல். குழந்தையின் முகம் உப்பும், பசி கூடும், எரிச்சல் வரும், இவை அளவு குறையும்போது குறையும். உயரம், எலும்பு, கண், ரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டோம், பாட்டில் தீர்ந்துவிட்டது என்று நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீண்டகாலத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் குறைந்த அளவு ஸ்டீராய்டிலும், இன்னொரு 40 சதவீதம் பேர் ரத்தம் ஏற்றியும் வாழ்கிறார்கள். ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்கு 25 வயதுக்குள், அவர்களிலும் பெரும்பாலோருக்கு முதல் பத்தாண்டுக்குள், எந்தச் சிகிச்சையும் தேவைப்படாத நிலை வருகிறது. அந்த நிலை ஏன் வருகிறது, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. வந்தவர்களுக்கும் கண்காணிப்புத் தொடர வேண்டும். வளர்ந்த பிறகு சில புற்றுநோய்களின் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இப்போது அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வளர்ந்த பின்னும் ஆண்டுதோறும் பரிசோதனையை விடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உறவில் திருமணம் செய்ததால் வந்தது என்பதும் தவறு. தலசீமியா போன்ற நோய்களுக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். அங்கே நெருங்கிய உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டுவது உண்மை. ஆர்.பி.எஸ்.19-இல் ஒரே ஒரு பிரதி பழுதானாலே நோய் வந்துவிடும். முன்பின் தெரியாத இருவர் மணந்திருந்தாலும் இது இப்படியே வந்திருக்கும். பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களில் பெற்றோர் இருவருக்கும் அந்த மாற்றம் இருப்பதில்லை, குழந்தையிடம்தான் புதிதாகத் தோன்றியிருக்கும்.

அதனால் அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன், உங்கள் இருவருக்கும் அதே மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். மாற்றம் எது என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால், அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறைவு. எனக்குச் சோகை இல்லையே என்று இருவரில் யாரும் ஒதுங்கக் கூடாது. ஒரே குடும்பத்தில் ஒரே மாற்றம் ஒருவரை மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வைக்கும், இன்னொருவரை எந்த அறிகுறியும் இல்லாமல் விட்டுவிடும். உங்களில் ஒருவருக்கு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், கர்ப்பகாலத்தில் உங்களுக்கும் தனிக் கண்காணிப்புத் தேவை. இருவருக்கும் இல்லையென்றால் வாய்ப்பு மிகவும் குறைவு, ஆனால் முழுவதும் இல்லை என்று சொல்ல முடியாது. எப்படியானாலும், கருவுற்று 11 வாரமானதும் நஞ்சுக்கொடித் திசுவைப் பரிசோதித்துத் தெரிந்துகொள்ளலாம். மரபணு ஆலோசகர் ஒருவரை, கருத்தரிப்பதற்கு முன்பே, கணவரோடு சென்று பாருங்கள்.

நோயை முற்றிலும் குணமாக்க இன்று கையில் இருக்கும் வழி மஜ்ஜை மாற்று. திசுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பு கொடுத்து, குழந்தை பத்து வயதுக்குள் இருக்கும்போது செய்தால் முடிவுகள் நன்றாக இருக்கின்றன. ரைபோசோம் மரபணுவின் நல்ல பிரதியைக் குழந்தையின் சொந்த மஜ்ஜை அணுக்களிலேயே சேர்க்கும் முயற்சி எலிகளில் பலன் தந்திருக்கிறது. அதற்காகக் காத்திருந்து இப்போதைய சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த குழந்தை பிறந்தால், உங்கள் மகளுக்கு அதன் திசு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பொருந்தினாலும், அந்தக் குழந்தைக்கு ஆர்.பி.எஸ்.19 மாற்றம் இல்லை என்று மரபணுச் சோதனையில் உறுதியான பிறகே மஜ்ஜை எடுக்க வேண்டும். வெளியே நலமாகத் தெரியும் உடன்பிறப்பிடம் அதே குறை ஒளிந்திருந்து, மாற்றப்பட்ட மஜ்ஜையும் சிவப்பணு தயாரிக்காமல் போகும் வாய்ப்பு உண்டு. அடுத்த பிரசவத்துக்குத் தேதி குறித்ததும், மஜ்ஜைக்குப் பதிலாகப் பயன்படக்கூடிய தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று மகளைப் பார்க்கும் ரத்தநோய் மருத்துவரும் உங்கள் மகப்பேறு மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பிரசவ அறையில் அதைக் கேட்க நேரம் இருக்காது.